மானாமதுரை மண்பாண்டம்

சிவகங்கை மாவட்டம் மானாமதுரையில் வேளார்கள் வனையும் பானை, சட்டி, அடுப்பு முதலிய புழங்குபொருள்கள். களிமண்ணை மணலுடன் கலந்து மிதித்துப் பதப்படுத்திச் சக்கரத்தில் ஏற்றுவர். வனைந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடிப்பாகம் இருக்காது. சற்று உலர்ந்ததும் உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவர். கைத்திறன் தெரிவது சக்கரத்தில் அல்ல, இந்தத் தட்டலில்தான். பிறகு நிழலில் காயவைத்துச் சூளையில் சுடுவர். மெருகுப்பூச்சு இல்லாததால் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். கச்சேரி மேடைகளில் இவ்வூரின் கடம் என்னும் மண்பானைத் தாளக்கருவிக்குத் தனி மதிப்பு. சமையலறைக்குப் போவதோ சட்டியும் பானையும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதுச் சட்டியை அரிசி களைந்த நீர் ஊற்றிப் பழக்கிய பின்பே அடுப்பில் ஏற்ற வேண்டும்.