ஆய்விதழும் பால்வெட்டுக் கத்தியும்

ஆய்விதழ்களின் பயனை எவ்வாறு அளப்பது? அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் நரின், காப்புரிமைகள் மேற்கோள் காட்டிய கட்டுரைகளை எண்ணினார். தொழில்துறைக் காப்புரிமைகள் சுட்டியவற்றுள் 73 விழுக்காடு பொது நிறுவனங்களில் எழுதப்பட்டவை என 1997இல் அவர் குழு காட்டியது.

அவ்வளவுகோலுக்கு எட்டாத தாக்கமும் உண்டு. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி, ரப்பர் மரத்தைச் சிதைக்காமல் பால் வெட்டும் முறையை ஆராய்ந்து, 1890களில் வேளாண் இதழில் எழுதினார். அவ்வறிவு லூமுட் வட்டாரத் தோட்டங்களில் தமிழர் கைத்திறனாயிற்று. வெட்டு ஆழமானால் மரம் புண்படும். மேலோட்டமானால் பால் குறையும். இதைத் தாய் மகளுக்குக் கைபிடித்துக் கற்பித்தாள். அக்கல்வியை எக்காப்புரிமையும் மேற்கோள் காட்டாது.

‘பால்வெட்டு’, ‘ஒட்டுப்பால்’ போன்ற தோட்டச் சொற்களே அதன் சான்றுகள். மாணவர்களே, அவற்றைச் சொல்லும் முதியோர் இருக்கும்போதே திரட்டுங்கள்.