கணக்கர் சொன்ன கிரேக்கக் கதை

கிரேக்க மாகவி ஹோமரின் 'ஒடிசி'யை ஆங்கிலச் சிறுவர்க்கு எளிய உரைநடையில் அளித்த முன்னோடிகளுள் ஒருவர் அலுவலகக் கணக்கர் என்பது, கோப்புகளுக்கிடையே வாழும் நம்மனோர்க்கு உவகை தரும் செய்தியாகும். அவர் சார்லஸ் லாம்ப். 1792-இல், தம் 17-ஆம் வயதில், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக் கணக்குப் பிரிவில் அமர்ந்த அவர், 33 ஆண்டுகள் பேரேடுகளோடு உழன்றார். இலக்கியத்திற்கு எஞ்சியவை ஓய்வுப் பொழுதுகளே.

1807-இல் தமக்கை மேரியுடன் சேர்ந்து ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சிறுவர் கதைகளாக்கினார். மறு ஆண்டே 'யுலிசிஸின் வீரச்செயல்கள்' வெளிவந்தது. ஜார்ஜ் சாப்மன் இரு நூற்றாண்டுகட்கு முன் இயற்றிய ஆங்கிலச் செய்யுள் மொழிபெயர்ப்பே அதற்கு அடிப்படை. ஹோமரின் காவியம் 24 பகுதிகளை உடையது. தந்தையைத் தேடும் மகனிடம் தொடங்கி, கடற்பயணத்தைப் பின்னரே நாயகன் வாயிலாகக் கூறுவது. லாம்ப் அம்முறையை மாற்றி, டிராய் நகர் வீழ்ந்தபின் கப்பல்கள் புறப்படுவதிலிருந்தே தொடங்கினார். 'அப்புறம்?' என்பதன்றோ குழந்தையின் கேள்வி!

கதையில் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் யுலிசிஸின் தோழர்களைப் பிடித்துத் தின்கிறான். எஞ்சியோர் தீயில் காய்ச்சிய மரக்கழியால் அவன் கண்ணைக் குத்தித் தப்புகின்றனர். கையெழுத்துப் படியைக் கண்ட பதிப்பாளர் வில்லியம் காட்வின், இத்தகைய இடங்களை மென்மையாக்குமாறு வேண்டினார். நூலை வாங்குவோர் பெற்றோர் ஆயிற்றே! 1808 மார்ச்சில் லாம்ப் விடையெழுதினார். அரக்கன் உண்டதைக் கக்கும் அருவருப்பை நீக்க இசைந்தார். ஏனையவற்றைத் தொட மறுத்தார். மாற்றினால் நூல் வலுவிழக்கும், லண்டன் பதிப்பாளர் அனைவரும் புறக்கணிப்பினும் மாற்றுவதற்கில்லை என்பது அவர் நிலை.

லாம்ப் செய்ததே முறையென்போம். பாட்டிமார் ஊரிலிருக்க, கதை சொல்லும் கடமை நம் தலையில் விழுந்துள்ளது. குழந்தை அஞ்சுமே என்று சூர்ப்பணகை மூக்கறுபட்டதை விட்டுவிட்டால், இராவணன் சினத்தை எவ்வாறு விளக்குவோம்? பாலிஃபீமஸ் கடல் தெய்வத்தின் மகன். அவன் கண் போகாவிடில் அத்தெய்வத்தின் சீற்றமும் இல்லை. யுலிசிஸ் பத்தாண்டுகள் ஊர் சேராது அலைந்ததற்குக் காரணமும் இல்லை. கொடுமையை அகற்றினால் கதையின் கட்டே அவிழ்ந்துவிடும்.

1890-களில் அயர்லாந்துப் பள்ளிகளில் லாம்பின் இந்நூல் பாடமாக இருந்தது. அதனைப் பயின்ற டப்ளின் மாணவன் ஒருவன், தனக்கு விருப்பமான வீரன் யாரென்ற கட்டுரைக்கு யுலிசிஸைத் தேர்ந்தான். அவனே பின்னாளில் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1922-இல் வெளிவந்த அவர்தம் பெருநாவலின் பெயர் 'யுலிசிஸ்'.