சிறுதொகை இணையப் போக்கரில் பந்தய உத்தி

வரம்பற்ற டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒருவர் தம் முன்னுள்ள முழுத்தொகையையும் எந்தச் சுற்றிலும் பந்தயமாக வைக்கலாம். இணையத்தில், சீட்டு வழங்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பெரிய பிளைண்ட் எனும் தொகை 2 சென்ட் முதல் 25 சென்ட் வரையுள்ள மேசைகள் சிறுதொகை மேசைகளாகக் கருதப்படுகின்றன. பெரிய பிளைண்டைப்போல் 100 மடங்குத் தொகையுடன் அமர்வது வழக்கம்.

இம்மேசைகளில் பலர் பலவீனமான சீட்டுகளுடனும் பந்தயத்துக்கு ஈடுகட்டித் தொடர்வர். ஆகவே வலுவான சீட்டு அமைந்தவர் அதை மறைத்து ஆடுவதைவிட, பொதுச்சீட்டுகள் திறக்கப்படும் ஃபிளாப், டர்ன், ரிவர் ஆகிய மூன்று சுற்றுகளிலும் கணிசமாகப் பந்தயம் வைப்பதே பெரும்பாலும் ஆதாயம் தரும். பிளஃப் எனும் ஏமாற்றுப் பந்தயம் எதிராளி விலகினால்தான் பலிக்கும் என்பதால், இங்கு அதன் பயன் குறைவு.

பந்தயத்தின் அளவு, பாட் எனப்படும் நடுத்தொகையை ஒட்டி முடிவாகிறது. பாட்டில் 1 டாலர் இருக்க, 50 சென்ட் பந்தயம் வைத்தால், எதிராளி 50 சென்ட் செலுத்தி 2 டாலருக்குப் போட்டியிடுகிறார். அவருக்குக் குறைந்தது 25% வெற்றிவாய்ப்பு வேண்டும். பந்தயம் 1 டாலரானால் அது 33% ஆகும். டர்னில் ஒரே இனத்தின் நான்கு சீட்டுகளை உடையவருக்கு ரிவரில் ஐந்தாவதும் சேர்ந்து ஃபிளஷ் அமையும் வாய்ப்பு சுமார் 20% மட்டுமே. பிறகு வெல்லக்கூடிய தொகையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், இரு பந்தயங்களுக்கும் ஈடுகட்டுவது அவருக்கு நட்டமே. பாதிப் பாட் அளவிலான வெறும் பிளஃப் நட்டமின்றி முடிய, மூன்றில் ஒருமுறையேனும் எதிராளி விலக வேண்டும்.