கூட்டு இணைய ஆவணங்களில் கணிதச் சமன்பாடுகள்

பலர் ஒரே சமயத்தில் இணையத்தின் வழியே திறந்து வாசிக்கவும் திருத்தவும் கூடிய ஆவணங்களில், எழுதியவர் கருதிய அர்த்தம் அணுவளவும் மாறாமல், பார்ப்போர் அனைவர் திரையிலும் ஒரே வடிவில் விளங்கும்படி கணிதச் சமன்பாடுகளை அமைக்கும் முறைகள் இங்கே கூறப்படுகின்றன.

வசனத்தில் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்பட்டு வருகின்றன. சமன்பாட்டிலோ, ஒரு குறி எதுவென்பதோடு அது நிற்கும் ஸ்தானம் எதுவென்பதும் சேர்ந்தே அர்த்தத்தை நிர்ணயிக்கிறது. அடுக்கு மேலேறி நிற்கிறது. பின்னத்தின் தொகுதியும் பகுதியும் ஒரு கோட்டின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றன. வர்க்கமூலக் குறியின் மேற்கோடு எதுவரை நீள்கிறதோ அதுவரையில்தான் அதன் அதிகாரம் செல்லும். இந்த ஸ்தான பேதங்களைப் பாதுகாக்காத ஓரிடத்தில் சமன்பாட்டை நகலெடுத்து ஒட்டினால், பத்து லட்சத்தைக் குறிக்கும் 10⁶ என்பது 106 ஆகிவிடுகிறது.

இது பல்கலைக்கழகத்தாரின் கவலை மட்டுமே என்று கருதுவது பிழை. ஸ்ரீபெரும்பூதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்பகுதியில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார் உற்பத்தி தொடங்கிய பின்பு, ஒரகடத்திலே 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வாகனத் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. அவற்றைச் சூழ்ந்து உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் பெருகின. ஒரு கம்பெனியில் கடைந்த பாகம் வேறொன்றில் முலாம் பூசப்பெற்று மூன்றாவதொன்றில் பொருத்தப்படும் இத்தகைய தொழிலில், டிராயிங்கும் அளவைப் பட்டியலும் தரக் கணக்கும் பல கைகளுக்குப் பொதுவானவை. அனுமதிக்கப்பட்ட மேல்வரம்புக்கும் கீழ்வரம்புக்கும் உள்ள வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தின் ஆறு மடங்கால் வகுத்துப் பெறும் விகிதம், குவாலிட்டிப் பிரிவில் பணிபுரிவோர் நாள்தோறும் காண்பது. அதை ஒரே வரியில் அடைப்புக்குறியின்றித் தட்டெழுதினால், கீழ்வரம்பு மட்டுமே வகுபடும். வரும் விடை ஒன்றுக்கும் உதவாது.

அபத்தமான விடையை எவரும் உடனே கண்டுகொள்வர். உண்மையில் அபாயகரமானது, பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றும் தவறான விடையே. ஒன்றோடொன்று சேரும் இரு பாகங்களின் டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் விலகல், முறையே 0.03, 0.04 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அவை ஒன்றையொன்று சாராமல் மாறுபவையாயின், கூட்டு டாலரன்ஸ் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் காண்பதால் கிடைக்கும்: √(0.03² + 0.04²) = 0.05. மூலக்குறியின் மேற்கோடு முதல் உறுப்போடு நின்றுவிட்டதாக ஒருவர் வாசித்தாலோ 0.03 + 0.0016, அதாவது 0.0316 கிடைக்கும். இரண்டுமே ஒரு டிராயிங்கில் காணத்தக்க எண்களாதலால், பிழை எவர் கண்ணையும் உறுத்தாமல் இயந்திரம் வரை சென்றுவிடக்கூடும்.

கணக்குத் தாள் மென்பொருள்களில் வேறொரு கண்ணி உண்டு. கணித வழக்கில் −3² என்பது −9. ஆனால் எக்செல், கூகுள் ஷீட்ஸ் ஆகிய இரண்டும் தொடக்கத்து எதிர்க்குறியை முதலில் சேர்த்துக்கொண்டு பிறகே வர்க்கம் செய்வதால் விடையை 9 என்று காட்டுகின்றன. இயல்நிலைப் பரவலின் சூத்திரத்தில் எதிர்க்குறியுடன் கூடிய அடுக்கொன்று வருவதால், அதைக் கண்டபடியே தட்டெழுதுபவர், சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத் தூரத்தில் 0.135 என வரவேண்டிய காரணியை 7.39 என்று பெறுவார். ஆகவே, கணக்கிடும் கட்டத்தின் அருகே அதன் சூத்திரத்தை முறையான கணித வடிவிலும் எழுதி வைப்பது அத்தியாவசியம் என்றே சொல்லவேண்டும்.

சமன்பாட்டின் அமைப்பைச் சாதாரண எழுத்துகளாலேயே விவரித்து, வடிவமைக்கும் வேலையை யந்திரத்திடம் விடும் உபாயத்தை நிலைநாட்டியவர் டொனால்ட் கனூத். தம் நூலொன்றின் புதிய பதிப்புக்கு 1977இல் வந்த அச்சுப்படிகளின் தரம் மனத்துக்கு ஒவ்வாமையால், அவர் டெக் என்னும் எழுத்துக்கோப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லேட்டெக்கை அமைத்தார். இம்முறை தென்னிந்தியாவில் வேரூன்றியதற்குச் சான்றாக, டெக் பயனாளர் சங்கத்தின் ஆண்டு மாநாடு 2002இல் திருவனந்தபுரத்தில் கூடியது. அயல்நாட்டு விஞ்ஞான சஞ்சிகைகளுக்குப் பக்கம் கோக்கும் தொழில் சென்னையிலும் பெருகியிருக்கிறது.

இணையத்துக்கென 1998இல் மேத்எம்எல் என்ற தரமுறை வெளியாயினும், உலாவிகள் அதனை முழுமனத்தோடு ஏற்க நெடுங்காலமாயிற்று. குரோம் உலாவியில் அது 2023இல்தான் நிலைபெற்றது. இடைக்காலத்தில் 2010இல் வந்த மேத்ஜாக்ஸும் 2014இல் வந்த கேடெக்கும் லேட்டெக் குறிமுறையை உலாவியிலேயே சமன்பாடாக்கிக் காட்டி, அந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தன. விக்கிப்பீடியா 2003 முதல் இக்குறிமுறையை ஏற்பதால், அதே ஆண்டில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவின் கணிதக் கட்டுரைகளிலும் எவரும் சமன்பாட்டைத் திருத்த முடிகிறது. ஓவர்லீஃப் என்னும் தளத்தில் பலர் சேர்ந்து ஒரே லேட்டெக் ஆவணத்தை எழுதலாம்.

சமன்பாட்டைப் படம்பிடித்து ஆவணத்தில் ஒட்டும் வழக்கம் எளிதாகையால் எங்கும் பரவியுள்ளது. அதனை விலக்குவதே நன்று. படத்திலுள்ள ஒரு குறியைத் திருத்த இயலாது. படத்துக்குள் எந்தக் குறி மாறியது என்பதை ஆவணத்தின் திருத்த வரலாறு காட்டாது. பார்வையற்றோருக்காக உரக்க வாசிக்கும் மென்பொருளுக்கும் அது எட்டாது. எழுத்தாக வைத்த சமன்பாட்டில் இவை யாவும் கைகூடுகின்றன. அத்துடன் ஒவ்வொரு குறியின் பொருளையும் அலகையும் சமன்பாட்டின் கீழே சொல்லிவிடுவது, வேறொரு ஷிப்டிலோ வேறொரு கம்பெனியிலோ அதைத் திறப்பவருக்குப் பேருதவியாகும்.

தமிழில் எழுதுவோர் கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. லேட்டெக்கில் சமன்பாட்டை எழுதும் கணித நிலையில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிக் குறியாகக் கருதப்படுவதால், 'மேல்வரம்பு' என்று அங்கே நேரே எழுதினால் உயிர்க்குறிகள் மெய்யைவிட்டுப் பிரிந்து சிதறும். தமிழ்ச் சொல்லை வசனப் பகுதியென அறிவிக்கும் கட்டளைக்குள் இட்டால் உலாவியில் அது ஒழுங்காகத் தோன்றும். அச்சுக்குரிய கோப்பாயின், யூனிகோடு எழுத்துருக்களை நேரே ஏற்கும் சீடெக், லுவாடெக் ஆகியவற்றில் ஒன்றைத் தமிழ் எழுத்துருவோடு பயன்படுத்தவேண்டும்.