பிளிப்பர் வழக்கும் பிழை பொறுத்தலும்

படைத்துறையில் குற்றவாளி எனத் தீர்ப்புற்ற ஒருவரைத் தண்டனையாகவே பணியினின்று நீக்குதல் மேலைநாட்டுப் படைச்சட்டங்களில் நெடுங்காலமாக உள்ள முறையாகும். அங்ஙனம் நீக்கப்பட்டவர், தம் தண்டனையைத் தணித்துத் தம்மை நன்மதிப்புடன் விடுவிக்கப்பட்டவராகக் கொள்ளுமாறு பின்னாளில் அரசை வேண்டுதலும் உண்டு. 'கருணை மனு' என்ற தொடரைக் கேட்ட அளவில் நமக்குத் தூக்குத் தண்டனையே நினைவிற்கு வரும். ஈண்டு வேண்டப்படுவது உயிர் அன்று, பெயர். இத்தகைய வேண்டுகோளின் வரலாற்றை அறிதற்கு ஐக்கிய அமெரிக்க நாட்டின் ஹென்றி ஓசியன் பிளிப்பர் என்பாரின் வழக்கினும் சிறந்த சான்று இல்லை எனலாம். வேண்டுவோர் கேட்பது ஒன்றாகவும் அரசு அளிக்க இசைவது மற்றொன்றாகவும் இருத்தலை அவ்வழக்கு தெளிவாகக் காட்டுகின்றது.

பிளிப்பர் 1856-இல் ஜார்ஜியா மாநிலத்துத் தாமஸ்வில் என்னும் ஊரில் அடிமைக் குடியிற் பிறந்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைமுறை ஒழிந்தமையால் கல்வி பெற்று, வெஸ்ட்பாயிண்ட் படைக்கல்லூரியிற் சேர்ந்து, 1877-இல் அங்குத் தேறி வெளிவந்த முதற் கருப்பினத்தவர் என்னும் சிறப்பெய்தினார். 10-ஆம் குதிரைப்படையில் துணை லெப்டினண்டாக அமர்ந்தார். ஓக்லஹோமாப் பகுதியின் சில் கோட்டையில் காய்ச்சலுக்குக் காரணமாகத் தேங்கி நின்ற நீரை வடித்தற்கு அவர் வகுத்த கால்வாய் இன்றும் 'பிளிப்பர் கால்வாய்' என்றே வழங்குகின்றது. அவர் பெயரைப் படைப்பதிவு இழிவுறுத்திய காலத்தும் நிலம் அதனைப் போற்றி வந்தது.

டெக்சாஸ் மாநிலத்து டேவிஸ் கோட்டையில் உணவுப்பண்ட சாலையின் கணக்கும் பணமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1881-இல் வில்லியம் ஷாஃப்டர் என்னும் தளபதி அக்கோட்டைக்குத் தலைவராக வந்தார். அவ்வாண்டின் நடுவில் கணக்கிற்கும் கையிருப்பிற்கும் இடையே குறை இருத்தலைப் பிளிப்பர் கண்டார். கண்டதைத் தலைவரிடம் சொல்லாது மறைத்தார். கணக்கு நேராக உள்ளதென அறிக்கை தந்ததோடு, தமக்குக் கணக்கே இல்லாத வங்கியின்மீது 1,440 டாலருக்கு மேற்பட்ட தொகைக்குக் காசோலையும் எழுதிக் காட்டினார். குறை ஏறத்தாழ 3,800 டாலர் எனக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். ஊரார் பலர் பணம் திரட்டிக் குறையை நிறைத்தனர். அரசுக்கு ஒரு காசும் நட்டமில்லை.

1881-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கூடிய படைநீதிமன்றம், கையாடல் என்னும் குற்றச்சாட்டிற் பிளிப்பர் குற்றமற்றவர் எனத் தீர்த்தது. எனினும், 'அலுவலர்க்கும் கனவானுக்கும் ஒவ்வாத ஒழுக்கம்' என்னும் இரண்டாம் குற்றச்சாட்டில் அவரைக் குற்றவாளி என்றது. இத்தொடரிலுள்ள ஆங்கிலச் சொல்லைச் 'சான்றோன்' என மொழிபெயர்க்க விரும்புவாரும் இருக்கலாம். சான்றாண்மையைக் குலத்தாலும் பதவியாலும் அளக்காத நம் மரபிற்கு அது பொருந்தாது எனக் கருதியே 'கனவான்' என்றோம்.

இவ்விடத்துச் சட்டத்தின் அமைப்பை நோக்குதல் வேண்டும். அந்நாளைய படைச்சட்டத்தின் 61-ஆம் பிரிவு, இக்குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட அலுவலர் பதவி நீக்கப்படுவார் என்று கட்டாயமாகவே விதித்தது. பொய்யின் அளவு சிறிதாயினும் பெரிதாயினும் நீதிமன்றத்துக்கு வேறு தண்டனை விதிக்க உரிமை இல்லை. தண்டனையைக் குற்றத்தின் அளவிற்கு ஏற்பக் குறைத்தல் அதனை உறுதிசெய்யும் குடியரசுத் தலைவர் ஒருவர்க்கே இயலும். ஆதலின் கருணை என்பது இச்சட்டத்திற்குப் புறத்தே நிற்கும் அருட்கொடை அன்று. சட்டம் தானே விட்டுவைத்த இடைவெளியை நிரப்பும் உறுப்பே அது என யாம் கருதுகின்றோம்.

அவ்வுறுப்பு பிளிப்பர் திறத்தில் இயங்கவில்லை. படைத்துறைத் தலைமைச் சட்ட அலுவலராகிய டேவிட் ஸ்வெயிம் தண்டனையைத் தணிக்குமாறு பரிந்துரைத்தார். குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் அதனை ஏற்காது நீக்கத்தை உறுதி செய்தார். 1882 ஜூன் 30-ஆம் நாள் பிளிப்பர் படையினின்று நீங்கினார். ஈராண்டு கழித்து அந்த ஸ்வெயிமே படைநீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். குற்றவாளி எனத் தீர்ப்புற்ற அவர் பன்னிரண்டு ஆண்டு அரை ஊதியத்தில் பணியிடை நிறுத்தப்பட்டாரேயன்றி நீக்கப்படவில்லை. குற்றச்சாட்டின் பிரிவு வேறு என்பது உண்மையே. ஆயினும் இரு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார்க்கு நிறத்தின் எண்ணம் எழாமல் இராது.

நீங்கிய பின்னர்ப் பிளிப்பர் பொறியாளராகவும் நில அளவையாளராகவும் ஸ்பானிய நிலச்சட்டங்களில் வல்லுநராகவும் விளங்கினார். 1893 முதல் 1901 வரை, நிலவுரிமை வழக்குகளில் நீதித்துறையின் சிறப்பு அலுவலராகவே பணியாற்றினார். படைத்துறை நம்பாத ஒருவரை அவ்வரசின் நீதித்துறை நம்பிற்று.

1898-இல் அவரை முன்னைய நிலையில் மீட்டமர்த்தற்குரிய சட்ட முன்வடிவு காங்கிரசில் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் இத்தகைய குறை தீர்தற்குத் தனியொருவர் பொருட்டுச் சட்டம் இயற்றுவித்தலே வழியாக இருந்தது. 1920-களின் முற்பகுதி வரை இவ்வாறு பல முன்வடிவுகள் எழுந்தன. ஒன்றும் நிறைவேறவில்லை. உள்நாட்டுத் துறை அமைச்சராகிய ஆல்பர்ட் ஃபால் 1922-இல் அவர்பொருட்டுச் செனட்டின் படைத்துறைக் குழுத் தலைவருக்கு எழுதியும் பயனில்லை. (பின்னர்க் கையூட்டு வழக்கிற் சிறை சென்ற அமைச்சர் இவரே.) இம்முயற்சிகளில் பிளிப்பர் வேண்டியது மன்னிப்பு அன்று, தம் பதவியும் பெயரும் மீளல் வேண்டும் என்பதே. அது கிட்டாமலே 1940-இல் அட்லாண்டாவில் மறைந்தார்.

அவர் இறந்து ஆறாண்டுகளில் வழி மாறியது. தனிச்சட்டங்களின் பெருக்கத்தால் இடருற்ற காங்கிரசு, 1946-ஆம் ஆண்டின் சட்டமன்றச் சீரமைப்புச் சட்டத்தால் படையாவணங்களைத் திருத்தற்கான தனி முன்வடிவுகளைத் தடுத்து, அவ்வதிகாரத்தைப் படைத்துறைச் செயலர்கள் அமைக்கும் குடிமக்கள் வாரியங்களுக்கு அளித்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியரும் பிளிப்பரின் உறவினரும் முயன்றதன் பயனாக, 1976-இல் அவர் வழக்கு இவ்வாரியத்தின் முன் வந்தது. தீர்ப்பை மாற்றுதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது வாரியம். தண்டனை மட்டும் மிகக் கடியதும் நேர்மையற்றதும் ஆகும் எனக் கண்டது. அதன்படி அவர் நன்மதிப்புடன் விடுவிக்கப்பட்டார் என்னும் சான்று வழங்கப்பட்டது. நீக்கத்திற்குப் பின் சென்ற ஆண்டுகள் 94.

1999 பிப்ரவரி 19-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கிளிண்டன் பிளிப்பருக்கு மன்னிப்பு வழங்கினார். இறந்த ஒருவருக்கு அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் மன்னிப்பளித்தது அதுவே முதன்முறை. இறந்தோர்பொருட்டு வரும் மனுக்களை ஏலாமை அரசின் வழக்கமாக இருந்தது.

இவ்விரண்டு செயல்களும் ஒன்றெனக் கொள்ளற்க. குடியரசுத் தலைவரின் மன்னிப்பு குற்றத்தின் விளைவுகளைப் போக்குமேயன்றிப் படைவிடுவிப்பின் தன்மையை மாற்றாது. அதனை மாற்றற்குப் படைத்துறையிடமே தனியே விண்ணப்பித்தல் வேண்டும். வாரியமோ விடுவிப்பின் தன்மையை மாற்றும், குற்றத்தைத் தொடாது. 1983-இல் இயற்றிய சட்டமும் இதனை வலியுறுத்தியது. அது முதல், படைநீதிமன்ற வழக்குகளில் வாரியங்கள் கருணைபற்றித் தண்டனையைத் தணித்தல் மட்டுமே கூடும். தீர்ப்பு சரியா தவறா என ஆராய்தல் கூடாது. விடுவிப்பு மறுஆய்வுக் குழுக்கள் என வேறு சில உள. பதினைந்து ஆண்டுக்குள் மனுச்செய்தல் வேண்டும் என்னும் வரையறையும், பொதுப் படைநீதிமன்றம் விதித்த நீக்கத்தைத் தொடலாகாது என்னும் தடையும் அவற்றிற்கு உண்டு. இம்மனுக்களை எடைபோடுதற்கு 2018-இல் பாதுகாப்புத் துறை விடுத்த வழிகாட்டு நெறி, மனுதாரரின் வாய்மை, குற்றத்திற்குப் பின் சென்ற காலம், பின்னைய நல்லொழுக்கம், பொறுப்பேற்றல், வருந்துதல் ஆகியவற்றைக் கருதுமாறு கூறுகின்றது. குற்றம் புரியவில்லை எனச் சாதிப்பவர் வருந்துதல் எங்ஙனம் என்னும் வினா ஈண்டு எழும். கையாடல் செய்திலேன் என்று இறுதிவரை நின்ற பிளிப்பர், இந்நெறிக்குத் தம் மனுவை எவ்வாறு எழுதியிருப்பார் என எண்ணிப் பார்த்தல் தகும்.

வாரியம் அளித்த நன்மதிப்புச் சான்றின் நாள் 1976 அன்று. முன்தேதியிட்டு, 1882 ஜூன் 30 என்றே அதில் எழுதப்பட்டது. இதனால் பிளிப்பரின் ஆவணத்தில் ஒரே நாளில் அவர் இருமுறை படையினின்று நீங்குகின்றார்: ஒருமுறை தண்டனையாக, ஒருமுறை நன்மதிப்புடன். 1881-ஆம் ஆண்டின் தீர்ப்பும் மாற்றப்படாமல் அவற்றோடு அங்கேயே இருக்கின்றது.