வளர்ந்தோரிடத்து ஓட்டிசம்: காலந்தாழ்ந்த ஓர் அறிதலின் வரலாறு

ஓட்டிசம் எனப்படும் நிலைமை பிறப்போடு வருவது. ஆயினும் அதனையுடையோருள் ஒருசாரார் தம் நாற்பதிலும் ஐம்பதிலுமே அதன் பெயரைக் கேள்வியுறுகின்றனர். பிறவியிலேயே உள்ளதொன்று அரை நூற்றாண்டுக் காலம் உடையவருக்கே தெரியாதிருந்தமை எங்ஙனம் என்னும் வினா மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. அவ்வறிவு எங்கே, எம்மொழியில், யாரைப்பற்றி எழுதப்பட்டது என்பதிலேயே அறியாமைக்கான காரணங்களுட் பல தங்கியுள்ளமையால் அது வரலாற்றுக்கும் உரியதாகின்றது.

இச்சொல்லை ஆக்கியவர் சுவிற்சர்லாந்து உளமருத்துவரான பிளொய்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளப்பிளவு நோயின் ஓர் இயல்பைக் குறிக்கவே அவர் இதனைக் கையாண்டார். இன்றைய பொருளுக்கு அடிகோலியது, 1943இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையாகும். ஆயின் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, மொஸ்கோ நகரின் குருன்யா சுக்கரேவா ஆறு சிறுவரை நுணுகி அவதானித்து எழுதியது ஜேர்மன் மொழியில் அச்சேறியிருந்தது. அது ஆங்கிலத்துக்கு வர 1996 ஆயிற்று. வியன்னாவில் 1944இல் ஹான்ஸ் அஸ்பேர்கர் எழுதியதும் 1991 வரையில் ஆங்கிலத்தில் முழுமையாக வரவில்லை. (ஆங்கிலத்தில் இல்லாதது அறிவுலகிலேயே இல்லாததாகிவிடும் விந்தையைத் தமிழ்ச் சங்கத்தாருக்கு விளக்க வேண்டுவதில்லை.) நாசி ஆட்சிக் காலத்தில், பிள்ளைகள் கொல்லப்பட்ட நிலையமொன்றுக்குச் சில பிள்ளைகளை அனுப்ப அஸ்பேர்கர் உடந்தையாயிருந்தாரென்பதை 2018இல் ஹேர்விக் செக் ஆவணங்களைக் கொண்டு காட்டினார். அப்பெயரை இன்று பலர் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கானர் கண்டவர்கள் பிள்ளைகள். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் இந்நிலைமைக்கு இட்ட பெயரும் ‘குழவிப்பருவ ஓட்டிசம்’ என்பதே. அப்பெயரே வளர்ந்தோரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது எனலாம். தாம் கண்ட பதினொருவரும் பின்னர் என்னவாயினர் எனக் கானரே 1971இல் தேடி எழுதியிருந்தார். அவருள் முதல்வரான டொனால்ட் வங்கியிற் பணிபுரிந்து 2023 வரை வாழ்ந்தவர். எனினும் அத்தேடல் மருத்துவரின் பொதுநோக்கை மாற்றவில்லை. தாயின் அன்பின்மையே காரணமெனப் புறூனோ பெற்றல்ஹைம் 1967இல் நூலெழுதியபோது அதனை நம்பியோர் பலர். எத்தனை தாய்மார் இதனாற் கண்ணீர் வடித்தனரோ! 1977இல் போல்ஸ்ரைனும் றட்டரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து மரபுவழியின் பங்கினைப் புலப்படுத்தினர். பிற்காலத்தில், பிள்ளைக்கு இந்நிலைமை கண்டறியப்பட்டதும் தந்தையோ தாயோ தம் இளமையை அதிற் கண்டு திடுக்குறும் நிகழ்ச்சிகள் பெருகியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

திருப்பம் 1981இல் நேர்ந்தது. இலண்டனில் லோர்ணா விங் எழுதிய கட்டுரையில் இடம்பெற்ற 34 பேரின் வயது 5 முதல் 35 வரையாகும். அவர் ஓட்டிசமுடைய மகளொருத்தியின் தாயுமாவார். 2013இல் வெளிவந்த கைந்நூலோ, இதன் குறிகள் சிறுபராயத்திலேயே உள்ளனவெனினும், சமூகத்தின் கேள்விகள் ஒருவரின் ஆற்றலை மிஞ்சும்வரை வெளிப்படாதிருக்கலாமென்றும், கற்றுக்கொண்ட நடத்தையால் மறைக்கப்படலாமென்றும் ஏற்றுக்கொண்டது. வேடம் புனைந்து வாழ்ந்தோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அவ்வொரு வாக்கியமே கதவைத் திறந்தது.

கதவு திறந்ததும் இறந்தோரையும் உள்ளே அழைத்துவரும் ஆர்வம் சிலருக்கு உண்டாயிற்று. மைக்கேல் பிற்ஸ்ஜெரால்ட் 2004இல் எழுதிய நூலில் நமது கணிதமேதை இராமானுஜனும் இடம்பெறுகிறார். சான்று சொல்ல எவருமில்லாத இடத்தில் இத்தகைய முடிவு ஊகமேயன்றி வரலாறாகாது என்பது எம் கருத்து.

இலங்கையில், பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் துணைவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ 93 பிள்ளைகளில் ஒருவரிடம் இந்நிலைமையைக் கண்டது. ஆராயப்பட்டோர் 18 முதல் 24 மாதப் பிள்ளைகள். அவர்களுக்குத் தாய் அருகிலிருக்கிறாள். வளர்ந்தவருக்கோ சிறுபராயம் ஆவணமாக வேண்டும்.

கட்டுகஸ்தோட்டையிற் பிறந்த நான் எனது 49ஆவது வயதில் உளமருத்துவர் ஒருவர் முன் அமர்ந்தபோது இதனை உணர்ந்தேன். “ஐந்து வயதில் எப்படியிருந்தீர்கள்? யார் சொல்வார்கள்?” என்று அவர் வினவினார். அம்மா காலமாகிவிட்டார். பள்ளி அறிக்கைகளும், மாத்தளைப் பாதையில் எங்கள் நிலையத்தைக் கடந்த புகையிரதங்களின் நேரங்களை ஒன்பது வயதில் நாள்தோறும் குறித்துவைத்த அப்பியாசக் கொப்பியும் 1983 யூலையில் வீட்டோடு எரிந்தன. எஞ்சியவர் ரொறன்ரோவில் வாழும் அக்கா. பெரஹராவின் பறையொலி கேட்டதும் நான் மேசைக்கடியிற் காதைப் பொத்திக்கொண்டு கிடந்ததையும், மகாவலிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரே பக்கத்தில் நடக்கவேண்டுமென அடம்பிடித்ததையும் அவர் தொலைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். “இதெல்லாம் எதற்கடா இப்போது?” என்று இடையிற் கேட்டார். மருத்துவர் தலைநிமிராது எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கம் நிறைந்ததும், கொப்பியில் எந்தெந்த நேரங்கள் இருந்தன என்று என்னிடம் கேட்டார். காலை வண்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.