கணிப்பொறியின் நினைவு வளர்ந்த வரலாறு

வெளி மாநிலங்களில் வாழும் நம் நேயர்களுள் பலர் வங்கியிலோ, ரயில்வே அலுவலகத்திலோ, வணிக நிறுவனத்திலோ பணிபுரிகின்றனர். அவ்வலுவலகங்களின் கணக்குகளை இன்று தாங்கி நிற்பவை சர்வர் எனப்படும் பொதுக் கணிப்பொறிகளே. அலுவல் பெருகுந்தோறும் அவற்றின் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பெருக்க வேண்டியதாகிறது. இத்தேவை புதிதன்று, கணிப்பொறி நம் நாட்டிற்கு வந்தபோதே உடன் வந்தது. அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு. கணக்குப்பிள்ளை மனத்திற்குள் கூட்டிக் கழிப்பது ஒன்று. விடையைப் பேரேட்டில் பதிவது மற்றொன்று. முன்னது விரைவுடையது, அளவிற் சிறியது. பின்னது தாமதமுடையது, ஆயினும் நிலைத்து நிற்பது.

1955-ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடுத்த பாராநகரில், இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி. 2எம் என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. சுழலும் காந்த உருளையே அதன் நினைவகம். அதில் 1,024 எண்களுக்கே இடமிருந்தது. பின்னர்ப் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் அமைந்த குழுவினர் டிஃப்ராக் என்னும் பொறியைத் தாமே உருவாக்கினர். 1960-இல் இயங்கத் தொடங்கிய அப்பொறியின் நினைவகம், கம்பிகளில் கோத்த நுண்ணிய ஃபெரைட் வளையங்களால் ஆனது. அதில் 2,048 எண்களுக்கு இடமிருந்தது.

வணிகத் துறையில் பெரும் மாறுதலை விளைவித்தது, ஐ.பி.எம். நிறுவனம் 1959-இல் அறிவித்த 1401 என்னும் பொறி. 1961-இல் அது பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்திற்கு வந்தது; பின்னர் ரயில்வே அலுவலகங்களுக்கும் வந்தது. மிகச் சிறிய 1401 பொறியின் நினைவகம் 1,400 எழுத்துகளே கொள்ளும். 4,000-க்கு மேல் வேண்டுவோர் 1406 என்னும் தனிப் பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தி இணைத்துக்கொண்டனர். பொறியை மாற்றாமலே நினைவை 16,000 எழுத்துகள் வரை பெருக்க முடிந்தது. ஓர் எழுத்திற்கு எட்டு வளையங்கள் வீதம், இதற்கு 1,28,000 வளையங்கள் தேவைப்பட்டன. அவ்வெட்டனுள் ஒன்று, பிழை நேர்ந்துள்ளதா என்று சோதிப்பதற்கே உரியது.

எனினும் 16,000-க்கு மேல் ஓர் எழுத்தும் சேர்க்க இயலாது. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திற்கும் முகவரி வேண்டும். 1401-இன் முகவரி மூன்று எழுத்துகளால் ஆனது. அது சுட்டக்கூடிய எல்லை 15,999-உடன் முடிந்தது. பணம் இருந்தும் பயனில்லை; முகவரி இல்லாத வீட்டிற்குத் தபால் போவதில்லை அன்றோ?

இவ்வெல்லை மீண்டும் ஒருமுறை குறுக்கிட்டது. 32 இலக்க முகவரி கொண்ட சர்வர்கள் பொதுவாக 4 ஜிகாபைட்டை எல்லையாகக் கொண்டன. 2003-இல் வெளிவந்த ஆப்டெரான் என்னும் சில்லு 64 இலக்க முகவரிக்கு வழி செய்தது; பழைய நிரல்களையும் அப்படியே இயக்கியது. பழையதைக் கைவிடாமல் புதியதற்கு இடங்கொடுத்தமையே அதன் சிறப்பு.

சேமிப்பகத்தின் வளர்ச்சி மேலும் வியப்பிற்குரியது. 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் பொறியில், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைக் கொண்டன. இன்று கையில் அடங்கும் ஒரே வட்டு 20 இலட்சம் கோடி எழுத்துகளுக்கு மேல் கொள்கிறது.

இவ்வளர்ச்சியில் ஓர் இழப்பும் உண்டு. ஃபெரைட் வளையங்கள் மின்சாரம் நின்றாலும் தாம் கொண்டதை மறவா. 1970-இல் இன்டெல் நிறுவனத்தின் 1103 சில்லு வந்த பின்னர், குறைக்கடத்திகள் மெல்ல மெல்ல வளையங்களின் இடத்தைப் பிடித்தன. அவை விலை குறைந்தவை. ஆனால் மின்சாரம் நின்ற கணமே அனைத்தையும் மறந்துவிடுவன. ஆதலின் நிலைக்க வேண்டிய பதிவுகளின் பொறுப்பு முழுவதும் சேமிப்பகத்தின்மேல் விழுந்தது. ஒரு வட்டு பழுதானாலும் கணக்கு அழியாதவாறு, பல வட்டுகளில் பகிர்ந்து பதியும் ரெய்டு முறையைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக அறிஞர்கள் 1988-இல் விளக்கினர்.

இதன் அருமையை ஊருக்குப் பயணம் செய்யும் நாம் நன்கு அறிவோம். 1985-இல் டில்லியில் கணிப்பொறி வழி ரயில் முன்பதிவு தொடங்கிற்று. தீபாவளிக்கு ஊர் செல்லப் பதிந்த படுக்கை நினைவகத்தில் மட்டும் இருந்து, வட்டில் ஏறுமுன் மின்சாரம் நின்றால் என்னாகும்? அதே படுக்கை இன்னொருவருக்கும் கிடைக்கலாம். இரு குடும்பங்கள் பெட்டியின் வாயிலில் வாதிட நேரும்.

ஆகவே சர்வரைப் பெருக்க முற்படுவோர், உள்ள பதிவுகளுக்கு முதலில் படி எடுத்தல் வேண்டும். அப்படி மீண்டும் ஏற்றத்தக்கதா என்று சோதித்தல் வேண்டும். பொறியின் முகவரி எல்லையையும், அது ஏற்கும் நினைவகத்தின் வகையையும் அறிதல் வேண்டும். இவற்றின் பின்னரே பெட்டியைத் திறக்கலாம். பழைய கணக்கை முடித்துச் சரிபார்க்காமல் புதுப் பேரேடு திறப்பவர் வணிகத்தில் இல்லை. கணிப்பொறிக்கும் அம்முறையே பொருந்தும்.